அந்த இருமலை அழிக்காதீர்கள்

பழைய ஒலிநாடாக்களையும் இசைத்தட்டுகளையும் டிஜிட்டலுக்கு மாற்றுவதும், கெட்டுப்போன ஒலியை முடிந்தவரை மீட்பதும் என் தொழில். டேப்போடு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சார், இந்த இரைச்சல், இருமல் எல்லாத்தையும் சுத்தமா எடுத்துடலாம் இல்ல?" என்றுதான். எடுக்கலாம். இன்றைய மென்பொருளுக்கு அது சில நிமிட வேலை. ஆனால் அதோடு சேர்ந்து வேறு என்னென்ன போகிறது என்பது கேட்கிறவருக்குத் தெரிவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பியானோவை வைத்துச் சொல்கிறேன். என் அனுபவத்தில் இரைச்சல் நீக்கும் கருவிகளிடம் அதிகம் இழப்பது பியானோதான். அதிலும் ருமேனியப் பியானோ கலைஞர் தினு லிபாட்டியின் நேரடிப் பதிவுகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

லிபாட்டி 1917இல் புக்கரெஸ்ட்டில் பிறந்தவர். நிணநீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஹாட்ஜ்கின் நோயால் 1950 டிசம்பரில் ஜெனீவாவில் இறந்தபோது அவருக்கு வயது 33. அந்த ஆண்டு கோடையில் கார்டிசோன் என்ற மருந்து சில வாரங்கள் தெம்பைக் கொடுத்தது. அந்த இடைவெளியில், ஜூலை மாதம், ஜெனீவா வானொலி நிலையத்தில் இசையமைப்பாளர் பாக்கின் முதல் பார்ட்டிட்டா (நடன வடிவத் துண்டுகளின் தொகுப்பு), மொட்சார்ட்டின் ஏ மைனர் சொனாட்டா, ஷோபினின் 14 வால்ட்ஸ்கள் (சிறு நடன இசைகள்) ஆகியவற்றை ஸ்டுடியோ முறையில் பதிவு செய்தார். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 16 அன்று, பிரான்ஸின் பெசான்சோன் இசை விழாவில் மறுபடியும் இதே பாக், இதே மொட்சார்ட், இதே வால்ட்ஸ்கள். நடுவில் ஷூபர்ட்டின் இரண்டு இம்ப்ராம்ப்டுகள் என்ற சிறு பியானோ இசைகள். அதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி. டாக்டர் வேண்டாம் என்று தடுத்தும், வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டோமே என்று போய் வாசித்தார். பிரெஞ்சு வானொலி அதைப் பதிவு செய்தது.

அந்தப் பதிவில் பாக் உடனே தொடங்காது. முதலில் லிபாட்டி சில ஸ்வரங்களைப் பரவலாக ஓடவிட்டு, விரல்களையும் கருவியையும் சரிபார்த்துக்கொள்கிறார். அப்புறம்தான் பார்ட்டிட்டா. கச்சேரியின் கடைசியில் 14 வால்ட்ஸ்களில் 13தான் இருக்கின்றன. மிச்சமிருந்த ஒன்றை வாசிக்க உடம்பில் தெம்பில்லை. சற்று நேரம் கழித்து மேடைக்குத் திரும்பிவந்து, அதற்குப் பதிலாகப் பாக்கின் ஒரு பக்திப் பாடலைப் பியானோ வடிவில் வாசித்தார் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெளிவந்த இசைத்தட்டில் அது இல்லை.

ஜூலைப் பதிவையும் செப்டம்பர் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஸ்டுடியோவில் ஒவ்வொரு வால்ட்ஸும் தனித்தனியாக மெருகேறி நிற்கிறது. பெசான்சோனில் ஒன்றின் மூச்சு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. சில இடங்களில் அவசரம் தெரிகிறது. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய வாசிப்பு. இதை யாரோ ஒருவர் "அழகுபடுத்தி", ஆரம்பத்தில் வரும் சரிபார்ப்பை வெட்டி, அரங்கின் சத்தத்தை அழித்து, வால்ட்ஸ்களுக்கு நடுவே செயற்கை அமைதியை வைத்தால், கைக்கு வருவது மங்கலான இன்னொரு ஸ்டுடியோப் பதிவுதான்.

இரைச்சல் நீக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பியானோவில் சுத்தியல் கம்பியை அடித்த மறுகணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். வயலின் போல வில்லால் இழுத்துப் பிடித்து நிறுத்த முடியாது. கார்வை முழுவதும் அந்தத் தேய்வில்தான் இருக்கிறது. பழைய டேப்பில் தேய்வின் கடைசிப் பகுதி, டேப்பின் "உஸ்" இரைச்சலுக்குள் மெல்ல இறங்கிப்போகும். காது அதை இரைச்சலுக்குள்ளும் தொடர்ந்து கேட்கும். மென்பொருளுக்கு அந்தத் திறமை கிடையாது. ஒரு அளவுக்குக் கீழே இருப்பதெல்லாம் அதற்கு இரைச்சல்தான். அதனால் கார்வையின் வாலை நறுக்கிவிடுகிறது. மேல் அலைவரிசைகளைக் குறைத்தாலோ, சுத்தியல் கம்பியைத் தொடும் கூர்மை மழுங்கி, வாசிப்பவர் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு வாசிப்பது போல ஆகிவிடும்.

இதைக் காதால் சோதிக்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. 1958 பிப்ரவரி 25 அன்று பல்கேரியாவின் சோஃபியா நகரில் சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர் வாசித்த கச்சேரி. பனிக்காலம், அரங்கில் பாதிப்பேருக்குச் சளி என்று நினைக்கும் அளவுக்கு இருமல். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி ஓவியங்களைப் பார்த்து எழுதிய பியானோத் தொகுப்பை அன்று ரிக்டர் வாசித்தார். பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அந்தத் தட்டு, அவர் 1960இல் அமெரிக்கா போவதற்கு முன்பே மேற்கில் அவருடைய பெயரைப் பரப்பியது. ஒலி சுமார்தான். சறுக்கிய ஸ்வரங்களும் உண்டு. ஆனாலும் அந்தத் தொகுப்புக்கு இதைவிடப் பெரிய வாசிப்பு இல்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். அதில் நிலவறைக் கல்லறைகளைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். கனமான ஒரு சேர்ஒலி (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில்), பிறகு அது தேயும்வரை காத்திருப்பு, மறுபடி ஒன்று. கிட்டத்தட்ட முழு இசையுமே தேய்வுதான். இணையத்தில் யாராவது "கிரிஸ்டல் கிளியர்" என்று போட்டு ஏற்றிய வடிவத்தில் இதே பகுதியைக் கேளுங்கள். சேர்ஒலி வந்ததும் சட்டென்று வெறுமை விழுந்தால், அங்கே என்ன நடந்திருக்கிறது என்று புரியும்.

இருமலும் அப்படித்தான். அது தனியாக ஒரு மௌனத்தில் விழுந்தால் எடுக்கலாம். ஸ்வரத்தின் மேல் விழுந்தால், எடுத்த இடத்தில் மென்பொருள் தானே ஊகித்து ஒரு ஒலியை நிரப்புகிறது. அந்தக் கணத்தில் நீங்கள் கேட்பது ரிக்டர் இல்லை.

அடுத்தது வேகம். டேப் பதிவான கருவியும் ஓட்டும் கருவியும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் சுருதி மாறும். ஒரு அரை ஸ்வரத்துக்கு ஏறக்குறைய 6 சதவீத வித்தியாசம் போதும். கூடவே காலப்பிரமாணமும் மாறும். "அந்தக் காலத்தில் இவ்வளவு வேகமாக வாசித்தார்களா!" என்று வியக்கும்போது சில நேரம் அது டேப்பின் வேகமாகவே இருக்கும். சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க, எல்லோரும் வெறுக்கும் அந்த "ம்ம்ம்" என்ற மின்சார ரீங்காரம்தான் எனக்கு உதவுகிறது. ஐரோப்பாவில் மின்சாரத்தின் அலைவெண் நொடிக்கு 50. பதிவு நடந்தபோது உள்ளே புகுந்த ரீங்காரம் இப்போது 52இல் ஒலித்தால், டேப் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மின்சாரத்தின் அலைவெண்ணே சற்று ஏறி இறங்கும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. பியானோவின் சுருதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அதுவும் ஊருக்கு ஊர் மாறும். இரண்டும் ஒரே பக்கம் கைகாட்டினால் நிம்மதி. முதல் வேலையாக ரீங்காரத்தை அழித்துவிட்டு ஒரு கோப்பை அனுப்பி, "வேகம் சரியா பாருங்க" என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? சாட்சியே போய்விட்டதே.

வெட்டி ஒட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நேரடிப் பதிவு" என்று அட்டையில் இருந்தால், அன்று நடந்தது அப்படியே உள்ளே இருக்கிறது என்று பொருளில்லை. பியானோ கலைஞர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 12 ஆண்டுகள் மேடையேறாமல் இருந்து, 1965 மே 9 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலுக்குத் திரும்பினார். முன்தினமே மக்கள் வரிசையில் நின்ற கச்சேரி அது. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட தட்டில் சறுக்கல்கள் சில திருத்தப்பட்டிருந்தன. திருத்தாத வடிவத்தை சோனி நிறுவனம் வெளியிட்டது 2003இல்தான். அதைக் கேட்டால், பதற்றத்தோடு உட்கார்ந்து, தடுமாறி, பிறகு கைவசப்படுத்திக்கொள்ளும் ஒரு மனிதர் தெரிகிறார். இது சாத்தியமானது, மூல டேப்பை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பெயர் மாறிப்போவது. மறுபடியும் லிபாட்டிக்கே வருகிறேன். அவர் வாசித்த ஷோபினின் ஈ மைனர் கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) என்று சொல்லி இஎம்ஐ நிறுவனம் 1966இல் ஒரு தட்டை வெளியிட்டது. கூட வாசித்த இசைக்குழு எது, நடத்தியவர் யார் என்ற விவரம் இல்லை. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். ரசிகர்கள் 15 ஆண்டுகள் அதைக் கேட்டு உருகினார்கள். 1981இல் பிபிசி அதை ஒலிபரப்பியபோது, இது செக் நாட்டு சுப்ராஃபோன் தட்டு ஒன்றைப் போலவே இருக்கிறதே என்று ஒரு நேயர் சுட்டிக்காட்டினார். ஒப்பிட்டுப் பார்த்தால், வாசித்தவர் போலந்தின் ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா. 1949இல் வார்சாவில் நடந்த ஷோபின் போட்டியில் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 15 ஆண்டுகள் அவருடைய உழைப்புக்கு வேறொருவர் பெயரில் கைதட்டல். லிபாட்டி 1950 பிப்ரவரியில் ஜூரிக்கில் உண்மையாகவே வாசித்த பதிவு பிறகு கிடைத்து வெளிவந்தது. அதை நடத்தியவர் ஓட்டோ ஆக்கர்மன்.

ஒரே கலைஞர் ஒரே கிருதியை இரண்டு முறை வாசித்தாலும் ஆயிரத்தில் ஒரு நொடி பிசகாமல் ஒத்துப்போகாது. இரண்டு கோப்புகளின் அலைவடிவங்கள் கடைசிவரை பொருந்தினால், அது ஒரே வாசிப்புதான். இந்தச் சோதனைக்கு இன்று பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் கோப்பைப் பலமுறை சுருக்கி, வேகத்தை மாற்றி, எதிரொலி சேர்த்துவிட்டால் ஒப்பிடுவது கடினமாகும். இணையத்தில் தவறான பெயரோடு சுற்றும் பதிவுகளில் பெரும்பாலும் இவை எல்லாமே செய்யப்பட்டிருக்கும்.

ஆகவே, கேட்கிறவர்களுக்கு: தேதி, ஊர், அரங்கம், இசைக்குழு, முதலில் பதிவு செய்த வானொலி அல்லது நிறுவனம், இவற்றில் ஒன்றுகூடச் சொல்லப்படாத "அபூர்வ நேரடிப் பதிவை" அந்தப் பெயரோடு உடனே நம்பவோ பகிரவோ வேண்டாம். லிபாட்டியின் பதிவுகள் எல்லாமே மோனோ, அதாவது ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவர் பெயரில் ஸ்டீரியோ (இரட்டைத் தடம்) என்று எதையாவது பார்த்தால், பின்னால் யாரோ செயற்கையாகப் பிரித்தது அது. பியானோ படிக்கும் பிள்ளைகள் ஒரு கிருதியின் வேகத்தைப் பழைய பதிவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்றால், குறைந்தது இரண்டு வெளியீடுகளிலாவது அதன் சுருதியை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பழைய டேப்போ தட்டோ வைத்திருப்பவர்களுக்கு: ஒட்டிக்கொள்ளும் டேப்பையும், காடி (வினிகர்) வாடை அடிக்கும் டேப்பையும் நீங்களாக ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒருமுறை ஓட்டினாலே காந்தப்பூச்சு உரிந்துவரலாம். மாற்றித் தருபவரிடம், எதையும் நீக்காத முதல் நகலை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், சுருக்காத வேவ் கோப்பாகத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சுத்தம் செய்வதெல்லாம் அதன் பிரதியில் நடக்கட்டும். பெட்டியின் மேல் பேனாவில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். தேதியும் இடமும் அங்கேதான் இருக்கும். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்று மூலத்தைத் தூக்கிப் போட வேண்டாம். பத்து வருடம் கழித்து இன்னும் நல்ல கருவியில் மறுபடி எடுக்க நினைத்தால், அந்த டேப் இருந்தால்தான் முடியும்.