நிபுணரிடம் போகுமுன் சுவரில் இரண்டு கோடு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் வரவில்லை என்று மனதில் பட்டதும், குழந்தை ஹோர்மோன் நிபுணர் எங்கே இருக்கிறார் என்றுதான் தாய் தகப்பன் விசாரிக்கத் தொடங்குவார்கள். அப்படிப்பட்ட நிபுணர்கள் எல்லா மாவட்ட வைத்தியசாலையிலும் இருப்பதில்லை. பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அதற்கென்று கிளினிக் நடக்கிறது. ஆனால் இரவு பஸ்ஸில் 300 கிலோமீற்றருக்கு மேல் போய் இறங்கும் தாயிடம் அங்கே கட்டாயம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: போன வருசம் பிள்ளை எத்தனை சென்ரிமீற்றர்? விடை கையில் இல்லாவிட்டால், பெரும்பாலும் அளந்து எழுதிவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அந்த ஆறு மாதத்தை ஊரிலேயே மிச்சம் பிடிக்கலாம்.

அந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு கனம்? கை கால்களின் நீண்ட எலும்புகளில், நுனிக்குச் சற்றுக் கீழே குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. வளர்தட்டு என்பார்கள். அங்கே கலங்கள் அடுக்கடுக்காகப் பெருகி நீள, பின்னுக்கு இருப்பவை எலும்பாக இறுகிக்கொண்டு வரும். இந்த வேலையை முடுக்கிவிடுவது மூளையின் அடியில் கடலையளவில் இருக்கும் கபச்சுரப்பி. அது விடும் வளர்ச்சி ஹோர்மோன் ஈரலுக்குப் போய், அங்கே ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கும். இரண்டும் சேர்ந்துதான் எலும்பை நீட்டுகின்றன. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சோர்ந்தாலும் வளர்ச்சி நின்றுபோகும்; மலச்சிக்கல், வறண்ட தோல், எந்நேரமும் களைப்பு என்று வேறு அடையாளங்களும் கூட வரலாம்.

ஆக, ஹோர்மோன் கோளாறு முதலில் தெரிவது பிள்ளையின் உயரத்தில் அல்ல, உயரம் கூடும் வேகத்தில். முதல் வருசத்தில் குழந்தை ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் வளரும். நாலு வயதிலிருந்து பருவமடையும் வரை வருசத்துக்கு 5, 6 சென்ரிமீற்றர். அது 4 சென்ரிமீற்றருக்கும் குறைந்தால் காரணம் தேடியே ஆகவேண்டும். வகுப்பில் முன்வரிசையில் நிற்கும் பிள்ளை வருசாவருசம் ஐந்தரை வளர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நடுவில் நின்ற பிள்ளை இரண்டு வருசத்தில் முன்வரிசைக்கு வந்துவிட்டதென்றால்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொரு துப்பு நிறையில் இருக்கிறது. சாப்பாடு போதாத பிள்ளைக்கு முதலில் நிறை குறையும், பிறகுதான் உயரம் பின்தங்கும். ஹோர்மோன் குறைந்த பிள்ளை பார்வைக்குக் கொழுகொழுவென்றே இருக்கும். நிறைக்கோடு நேராகப் போக உயரக்கோடு மட்டும் படுக்கும். மேலதிகமாகச் சாப்பிட்டுக் கொழுத்த பிள்ளை பெரும்பாலும் வயதுக்கு மிஞ்சிய உயரமாகத்தான் இருக்கும். கட்டையாகவும் குண்டாகவும் ஒரு பிள்ளை இருந்தால் சுரப்பிகளைச் சந்தேகிக்க வேண்டும். நிறை சரியென்றதும் கிளினிக் கொப்பியை மூடிவைக்கும் பழக்கத்தில் இந்தப் பிள்ளைகள்தான் தவறிப்போகிறார்கள்.

"தேப்பனும் கட்டைதானே, பிள்ளை எப்பிடி நெடுக்கும்?" என்று வீட்டில் சொல்லி ஆறுவதுண்டு. வைத்தியர்களும் தாய் தகப்பனின் உயரத்தைக் கணக்கில் எடுப்பார்கள். இருவரின் உயரத்தையும் கூட்டி, ஆண்பிள்ளைக்கு 13 சேர்த்து, பெண்பிள்ளைக்கு 13 கழித்து, இரண்டால் பிரிப்பார்கள். தகப்பன் 162, தாய் 150 என்றால் மகளுக்கு 149.5 வரும், அதற்கு மேலும் கீழும் எட்டு, ஒன்பது சென்ரிமீற்றர் இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு, தாய் தகப்பன் தாங்கள் வளரக்கூடிய அளவுக்கு வளர்ந்து முடிந்தவர்கள் என்று எடுத்துக்கொள்கிறது. வன்னியில் இன்று பிள்ளை வளர்ப்பவர்களில் எத்தனையோ பேர் பொருளாதாரத் தடைக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும் வளர்ந்தவர்கள். அரைவயிறும் மாறிமாறி வந்த காய்ச்சலும் அவர்களது உயரத்தில் சில சென்ரிமீற்றரைத் தின்றிருக்கக்கூடும். அவர்களைக் கொண்டு இன்றைய பிள்ளையை அளந்தால் குறைபாடு பரம்பரைபோலத் தோன்றும். எங்கள் ஊர்களில் இந்த ஆறுதலை நான் நம்பமாட்டேன். அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பது வீட்டிலேயே நடக்கும் வேலை. பெரிய பாடசாலைகளில் வைத்தியப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 என்று மூன்று வருசத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. இடையில் நின்றுபோன வளர்ச்சி யார் கண்ணிலும் படாது. காலையில் எழும்பியதும் அளவுங்கள், பின்னேரத்துக்குள் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்ரிமீற்றர் வரை குறையும். செருப்பில்லாமல், கொண்டை அவிழ்த்து, குதிக்கால் இரண்டும் சுவரில் முட்ட நிற்கவிடுங்கள். பார்வை நேரே இருக்கட்டும். தடித்த புத்தகமொன்றைச் சுவரோடு ஒட்டித் தலையில் படுமட்டும் இறக்கி, அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டு, நிலத்திலிருந்து கோடு வரை ரேப்பால் அளந்து திகதியோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே சுவரில் இரண்டாவது கோடு.

இரண்டு அளவையும் சுகாதார விருத்திப் பதிவேட்டையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டினால், சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக் வழியாக மாவட்டப் பொது வைத்தியசாலையின் குழந்தை நல வைத்திய நிபுணரிடம் போகலாம். நேரே கொழும்பில் சனல் பண்ணுவதைவிட இந்த வழியே நல்லது. தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் இடக்கை மணிக்கட்டு எக்ஸ்ரேயும் பார்த்த பிறகே ஹோர்மோன் நிபுணருக்குக் கடிதம் எழுதுவார்கள், அரசாங்க வைத்தியசாலையில் காசும் இல்லை. அந்த எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பின் வயது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏழு வயது எலும்பு என்றால் வளர்தட்டுகள் இன்னும் நன்றாகத் திறந்திருக்கின்றன, காலம் இருக்கிறது என்று பொருள்.

வளர்ச்சி ஹோர்மோனை மட்டும் அப்படி ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் பிடிக்க முடியாது. கபச்சுரப்பி அதை விட்டு விட்டுத்தான் சுரக்கிறது, அதிகமாய் வருவது ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் ஊசி குத்தி எடுத்த இரத்தத்தில் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். இரணைமடுவின் கதவு பூட்டியிருக்கும் நேரம் வாய்க்காலைப் பார்த்துவிட்டுக் குளம் வற்றிவிட்டது என்று சொல்ல முடியாதே. அதனால் நிபுணர்கள் குளோனிடீன், குளுக்ககன் போன்ற மருந்தொன்றைக் கொடுத்துச் சுரப்பியைத் தூண்டிவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் இடைவிட்டு இடைவிட்டு இரத்தம் எடுப்பார்கள். அப்போதும் வரவில்லையென்றால்தான் குறைபாடு. பிறகு இரவில் தோலுக்கடியில் ஊசி, நாளாந்தம், வருசக்கணக்கில். 1985 வரை இந்த ஹோர்மோனை இறந்தவர்களின் கபச்சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மூளையை அழிக்கும் நோயொன்று அதன் வழியே பரவியதால் அது நிறுத்தப்பட்டு, ஆய்வுகூடத்தில் தயாரிக்கும் ஹோர்மோன் வந்தது. வளர்தட்டு மூடிய பிறகு எந்த ஊசியும் உயரம் தராது. "உயரம் கூட்டும்" மா வகைகளுக்குக் காசு கொட்டுவது வீண்.

பிந்துவதுபோல முந்துவதும் கோளாறே. எட்டு வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கும் பெண்பிள்ளையையும், ஒன்பதுக்கு முன் பருவக்குறி தெரியும் ஆண்பிள்ளையையும் காட்டத்தான் வேண்டும். அந்த நேரம் பிள்ளை கிடுகிடுவென்று நெடுப்பதால் வீட்டுக்குச் சந்தோசமாக இருக்கும், ஆனால் ஈஸ்ட்ரஜன் வளர்தட்டை முன்கூட்டியே மூடிவிடும். சாமத்தியம் வரும்வரை பொறுத்திருந்தால் மாதாந்த ஊசியால் தடுக்கக்கூடிய காலத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது.

இதில் எதற்கும் காத்திருக்கக்கூடாத ஒன்று இன்சுலின் நின்றுபோகும் சலரோகம். நல்லாயிருந்த பிள்ளை தண்ணி தண்ணி என்று கேட்கிறது, பழக்கம் விட்ட பிறகு திரும்பப் பாயில் சலம் போகிறது, சில கிழமைக்குள் மெலிகிறது. பிறகு சத்தி, வயிற்றுவலி, ஆழமாக மூச்சு வாங்குதல். இங்கே நிபுணரைத் தேட நேரமில்லை. கிட்டவுள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்த்தால் சில நிமிசத்தில் தெரிந்துவிடும். சேலைனும் இன்சுலினும் அன்றைக்கே தொடங்க வேண்டும்.