வீடு விற்பவர் எதைச் சொல்லியாக வேண்டும், வாங்குபவர் எதைக் கேட்டாக வேண்டும்

வீட்டை விற்பவர் அதன் குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் உண்டா? உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு. சொத்திலோ அதன் மீதான உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவர் கண்ணில் படாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு முடிக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2025 ஆகஸ்ட் 1 முதல், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே விற்பவர் ஒரு வெளிப்படுத்தல் படிவத்தை நிரப்பி, உரிய சான்றுகளோடு வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் கிரயம் முடியும் முன் வாங்குபவர் விலகிக்கொள்ளலாம். அங்கிருக்கும் உறவுக்காரர்கள் சொல்லக் கேட்டு, இங்கேயும் அப்படி ஒரு படிவம் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். பழைய வீட்டை மறுவிற்பனை செய்வதற்கு அப்படி எந்தப் படிவமும் இங்கே இல்லை. மூல ஆவணங்களைக் கேட்டால் காட்ட வேண்டும், சொத்து பற்றிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும் என்ற கடமைகளும் விற்பவருக்கு உண்டு. ஆகவே கேட்கும் வேலை வாங்குபவருடையது. அதையும் எழுத்தில் கேட்பதே நல்லது.

எது மறைந்த குறை, எது கண்ணுக்குத் தெரிகிற குறை என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் நிற்கின்றன. சுவரில் விரிசல் வெளியே தெரிந்தால், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று கோர்ட்டு கேட்கும். அதே விரிசலைப் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் கதை வேறு. வேண்டுமென்றே மறைப்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மோசடி என்கிறது. ஓட்டு வீட்டின் உத்தரத்துக்குள் கரையான், கிணற்றுக்குப் பக்கத்தில் மண் போட்டு மூடிய பழைய கக்கூஸ் குழி, வயலையோ குளத்தையோ நிரப்பி அதன்மேல் போட்ட அஸ்திவாரம் எல்லாம் விற்பவர் தானாகச் சொல்ல வேண்டியவை. நம் குமரி மாவட்டத்தில் 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதா, எவ்வளவு உயரம் என்று நேரடியாகக் கேளுங்கள். சானல் கரையிலும் ஆற்றோரத்திலும் இருக்கும் வீடென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேளுங்கள்.

இனி உரிமைக் குறைகள். நம் மாவட்டத்தில் பணம் போவது பெரும்பாலும் சுவரால் அல்ல, இவற்றால்தான்.

முதலில் ஒற்றி, அதாவது மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியிருந்து, ஒழியும்போது அதைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு. வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார் என்றால் வாடகைக்காரர் என்று நினைத்துப் பேசாமல் வந்துவிடாதீர்கள். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ கொடுத்து ஒற்றிக்கு இருப்பவராக இருக்கலாம். அந்த எழுத்து பதிவாகாத முத்திரைத்தாளில் இருந்தால் வில்லங்கச் சான்றில் வராது. இடத்தை அனுபவித்துக்கொண்டிருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் கொள்கிறது. எனவே "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடாது. குடியிருப்பவரிடமே எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது ஒழிவீர்கள் என்று கேட்டு, ஒற்றிப் பணம் யார் கையிலிருந்து திரும்புகிறது என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

அடுத்தது சர்வே எண். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. பழைய பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆண்டோடு 824 கூட்டினால் ஆவணி முதல் டிசம்பர் வரைக்கும், 825 கூட்டினால் ஜனவரி முதல் ஆடி வரைக்கும் ஆங்கில ஆண்டு வந்துவிடும். கொல்லம் 1105 ஆவணி என்றால் 1929. அந்தப் பத்திரத்தில் இருக்கும் எண் பழைய சர்வே எண். இன்றைய பட்டாவில் இருப்பது ரீசர்வே எண். வில்லங்கம் போடும்போது புதிய எண்ணை மட்டும் கொடுத்தால், பழைய எண்ணில் பதிவான அடமானமும் பாகப்பத்திரமும் வராமல் போகலாம். இரண்டு எண்ணுக்கும் தனித்தனியே போடுங்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுள்ளவை கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும்.

அளவும் அப்படித்தான் உதைக்கும். பத்திரத்தில் ஐந்தரை சென்ட் என்றிருக்கும், பட்டாவில் 2.10 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். 210-ஐ 40.47-ஆல் வகுத்தால் 5.19 சென்ட்தான் வருகிறது. மீதி 0.31 சென்ட் பாதையில் போயிருக்கலாம், அடுத்தவர் மதிலுக்குள் போயிருக்கலாம். சென்ட் ஐந்து லட்சம் என்று பேசிய இடத்தில் இது ஒன்றரை லட்சம் ரூபாய். புலப்பட (நிலத்தின் அளவு வரைபட) நகலோடு நிலஅளவரை வைத்து அளந்து, வருகிற அளவுக்கு மட்டும் விலை பேசுங்கள். நடைபாதை உரிமையும் கிணற்றுப் பங்கும் பத்திரத்தில் எழுத்தாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். வாய்ப்பேச்சில் விட்ட வழியை அடுத்த தலைமுறை அடைக்கும்.

வாரிசு விஷயம் இன்னும் ஆழமானது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1951 ஏப்ரல் 1 முதல் அந்தச் சட்டம் இல்லை, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. அதாவது, அந்தத் தேதிக்குப் பிறகு உயில் எழுதாமல் தகப்பனார் இறந்திருந்தால் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. ஆனால் 1960களிலும் 70களிலும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பத்திரங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஏராளம். "அக்காவுக்கு அப்பவே சீதனம் கொடுத்தாச்சு" என்பது, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகாது. பதிவான விடுதலைப் பத்திரம் இருக்கிறதா, அந்த அக்கா இறந்திருந்தால் அவர் பிள்ளைகள் கையெழுத்திட்டார்களா என்று பாருங்கள். இந்துக் குடும்பங்களிலும் பூர்வீகச் சொத்தில் மகள்களின் பங்கை விட்டுவிட்டு எழுதிய பத்திரங்கள் உண்டு. மருமக்கள்வழி (தாய்வழி வாரிசு முறை) குடும்பத்தின் பழைய பாகமென்றால் அதைத் தெரிந்த வக்கீலிடம் கொடுப்பதே வழி. கையெழுத்திடாத பங்காளி இருக்கிறார் என்பதை விற்பவர் அறிந்திருந்தால், அதைச் சொல்வது அவர் கடமை.

நிலத்தின் வகை பற்றி: வீட்டு மனை முன்பு வயலாக இருந்ததா என்பது, கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் நஞ்சை என்று இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். அங்கீகாரம் இல்லாத மனையானால் பத்திரப் பதிவே நிற்கலாம். மேற்கே மலையோரத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வீடென்றால், 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியார் காடாக அறிவிக்கப்பட்டதா என்று கேளுங்கள். அப்படியானால் அதற்கான குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. குளச்சல், முட்டம் போன்ற கரைகளில், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வருகிற இடத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும். இருக்கிற வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

புதிய அடுக்குமாடியோ மனைப்பிரிவோ வாங்கினால் 2016-ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் வேறு பாதுகாப்பு தருகிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ 8 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டமோ என்றால் பதிவு கட்டாயம். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை வந்தால், சொன்ன 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். நிலத்தின் உரிமையிலேயே குறை என்றால் இழப்பீடு கேட்பதற்குக் காலவரம்பு தடையில்லை. பழைய தனிவீட்டின் மறுவிற்பனைக்கு இவை எதுவும் பொருந்தாது.

கேட்டதையெல்லாம் எங்கே எழுதுவது? விற்பனை ஒப்பந்தத்தில். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அந்த ஒப்பந்தத்தையே பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய்த் தாளில் எழுதி முன்பணம் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். ஒற்றி, அடமானம், வழக்கு, பங்காளிகள், வரி, மின் பாக்கி, வெள்ளம், கரையான் ஒவ்வொன்றையும் "இல்லை" அல்லது "உண்டு, இவ்வளவு" என்று விற்பவர் கையால் பதில் எழுதி வாங்கி இணைப்பாகச் சேர்க்கலாம். மின் பாக்கியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். முன்னவர் வைத்த பாக்கியைப் புதிய உரிமையாளரிடம் கேட்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. "இருக்கிறது இருந்தபடி வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு வரி நுழைந்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 55-ஆம் பிரிவின் கடமைகளை ஒப்பந்தத்தால் மாற்றிக்கொள்ள முடியும். அந்த ஒரு வரி அதைத்தான் செய்யும்.

விற்பவருக்கும் இந்த இணைப்பு காப்புதான். குறையை எழுதிக் கொடுத்தாயிற்று என்றால், மறைத்தார் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. விலை கொஞ்சம் குறையலாம். வழக்குச் செலவை நினைத்தால் அது பெரிதல்ல. வளைகுடாவில் இருந்துகொண்டு அதிகாரப் பத்திரம் மூலம் விற்பவர்கள் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்: ஊரில் முகவராக இருக்கும் தம்பிக்குக் குறை தெரியும், கையெழுத்துக்கு உரியவருக்குத் தெரியாது. முகவர் அறிந்ததை உரிமையாளரும் அறிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

மறைத்தது பின்னால் தெரிந்தால், பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு மூன்று ஆண்டு. உண்மை தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு: விற்பவர் வாய்திறக்காமல் இருந்தார் என்பது மட்டுமே புகாராக இருந்து, சாதாரணமாகத் தேடியிருந்தாலே உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றால், ரத்து கேட்க முடியாது. அதனால் வில்லங்கச் சான்று, புலப்பட நகல், எழுதிக் கேட்ட கேள்விகள், அவர் எழுதிய பதில்கள் எல்லாவற்றையும் கிரயம் முடிந்த பிறகும் பத்திரத்தோடு சேர்த்தே வையுங்கள்.