'டிலே' என்று எழுதிவிடாதீர்கள்: ரஷ்ய நீதிமன்ற ஆவணங்களில் அவகாசம்

ரஷ்ய நீதிமன்ற ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் தொழில். வேறொருவர் பெயர்த்த உத்தரவு ஒன்று சரிபார்க்க வந்தது. கடனாளிக்கு நீதிமன்றம் 'டிலே' வழங்கியது என்று அதில் இருந்தது. அதைப் படித்த ஆங்கில வழக்கறிஞர், கடனாளி கெடு தாண்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். மூலத்தில் இருந்த சொல்லோ 'அத்ஸ்ரோச்கா'. கடனைக் கட்ட வேண்டிய நாளை நீதிமன்றமே தள்ளிக்கொடுத்திருந்தது.

ரஷ்யத்தில் 'ஸ்ரோக்' என்றால் கெடு. அதன் முன்னொட்டு மாறினால் பொருளே மாறிவிடும். 'அத்ஸ்ரோச்கா' அவகாசம், 'ரஸ்ரோச்கா' தவணை, 'ப்ரஸ்ரோச்கா' கெடு தப்பியது. முதலிரண்டும் கடனாளிக்குப் பாதுகாப்பு. மூன்றாவது அவர் மீது விழும் பழி. ஆங்கில 'டிலே' இந்த மூன்றாவதன் பக்கம்தான் சாயும்.

முதலிரண்டையும் சட்டமே பெரும்பாலும் சேர்த்துச் சொல்வதால் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 203ஆம் பிரிவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவு வேறுபாட்டைத் தெளிவாகவே சொல்கிறது: முன்னதில் பாக்கியை ஒரே தடவையில் கட்ட வேண்டும், பின்னதில் கட்டம் கட்டமாக. ஆகவே 'டிஃபெரல்' வேறு, 'இன்ஸ்டால்மென்ட்' வேறு.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. கடனுக்கு யாரும் வாய்தா வாங்குவதில்லை, வழக்குக்குத்தான் வாங்குவோம். சந்தேகம் வந்தால் நான் முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். வாய்தா என்று வந்தால் ரஷ்யத்தில் அது 'அத்லஷேனியே', ஆங்கிலத்தில் 'அட்ஜர்ன்மென்ட்'. 'ப்ரியஸ்தனவ்லேனியே' வாய்தா அல்ல. வேறொரு வழக்கு முடியும்வரை என்பது போன்ற காரணத்துக்காக வழக்கையே நிறுத்திவைப்பது. அப்போது முடியாமல் இருக்கும் நடைமுறைக் கெடுக்களும் ஓடாமல் நிற்கும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு.

அப்புறம் 'எக்ஸ்டென்ஷன்'. நீதிமன்றம் வைத்த கெடுவை நீதிமன்றமே நீட்டலாம், அது 111ஆம் பிரிவு. சட்டம் வைத்த கெடுவைத் தவறவிட்டால் தகுந்த காரணம் காட்டி மீட்க வேண்டும், அது 112. இந்த மீட்பை 'எக்ஸ்டென்ஷன்' என்று எழுதினால், கெடு ஏற்கெனவே போய்விட்டது என்ற முக்கியமான செய்தி காணாமல் போகிறது. இந்திய வழக்கறிஞருக்கு, காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைப் போன்றது என்றால் உடனே புரியும். லண்டன்காரருக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. கெடு கடந்தபின் பெறும் அனுமதி என்று விரித்தெழுதுகிறேன்.

எனக்கு மிகவும் கவலை தருவது குற்றவியல் சட்டத்தின் 82ஆம் பிரிவு. கர்ப்பிணிக்கோ, 14 வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கோ, தனியாகக் குழந்தை வளர்க்கும் தந்தைக்கோ தண்டனை அனுபவிப்பதைத் தள்ளிவைக்க நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. கடுமையான சில குற்றங்களுக்குக் கிடையாது. இதைப் பலர் 'சஸ்பெண்டட் சென்டென்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு நெருங்கியது 73ஆம் பிரிவின் நிபந்தனைத் தண்டனை. அது முற்றிலும் வேறு. 82ஆம் பிரிவில் குழந்தைக்கு 14 வயது ஆனதும் நீதிமன்றம் மீண்டும் முடிவெடுக்கும்: மீதித் தண்டனையிலிருந்து விடுவிக்கும், இல்லையென்றால் இலகுவான தண்டனையாக மாற்றும்.

இந்தத் தாள் நாளைக்கு ஒரு விசா அதிகாரியின் மேசைக்குப் போகலாம். அதனால் 'டிஃபெர்மென்ட் ஆஃப் செர்விங் தி சென்டென்ஸ்' என்று நீளமாகவே எழுதி, பக்கத்தில் பிரிவு எண்ணையும் போட்டுவிடுகிறேன்.