தோளில் பல்பு எரிகிறதா?

எக்ஸ்-ரே படம் ஒரு நிழல், அவ்வளவுதான். சுவரில் விழும் நிழலை வைத்து இருவரில் யார் முன்னே, யார் பின்னே நிற்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அடிபட்ட தோளைப் படம் எடுப்பதில் உள்ள சிக்கலும் இதேதான்.

தோள்மூட்டில் மேற்கை எலும்பின் தலை பெரிய பந்து. அது உட்காரும் குழியோ ஆழமற்ற சின்னத் தட்டு. அதனால் எளிதில் நழுவும். 100 நழுவல்களில் 95 முன்பக்கமாக நடப்பவை. அப்போது பந்து உள்நோக்கிக் கீழேயும் இறங்கிவிடுவதால், முன்னிருந்து நேராக எடுக்கும் நேர்ப்படமே காட்டிக்கொடுத்துவிடும்.

பின்பக்க நழுவல்தான் கள்ளன். வலிப்பு வரும்போதோ மின்சாரம் தாக்கும்போதோ தோள்தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. கையை உட்பக்கம் திருப்பும் தசைகளுக்கு வலு அதிகம் என்பதால் பந்து திருகிக்கொண்டு பின்னே போகிறது. நேர்ப்படத்திலோ அது குழியின் மட்டத்திலேயே, நல்ல பிள்ளைபோல் இருக்கும். ஒரு துப்பு உண்டு: வெளி ஓரத்தில் தெரியவேண்டிய எலும்புப் புடைப்பு திரும்பி மறைவதால், தலை இருபுறமும் ஒரே சீராக, மின்விளக்கு பல்பு போலத் தெரியும். இதைக் கவனிக்காமல் ‘எலும்பு நன்றாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடுவது அரிதல்ல. கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியவில்லை என்று நோயாளி சொன்னால், படத்தைவிட அவரை நம்புவது மேல்.

இதற்கு மருந்து இன்னொரு கோணம். கையைச் சற்று விலக்கி அக்குள் வழியாகக் கதிரைச் செலுத்தினால் பந்து முன்னேயா பின்னேயா என்பது பளிச்சென்று தெரியும். கையை விலக்க முடியாத வலியா? தூளிக்கட்டோடு நோயாளியைப் பின்னால் சாயவைத்து, மேலிருந்து கதிரைப் பாய்ச்சும் முறையும் இருக்கிறது.

முறிவு பல துண்டுகளாக இருந்தால் சி.டி. ஸ்கேன். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்ததா என்று பார்க்க அல்ட்ராசவுண்டு கைகொடுக்கும். கையை அசைக்கச் சொல்லிக்கொண்டே பார்க்கலாம் என்பது அதன் தனிச் சிறப்பு.

குழியின் விளிம்பில் உள்ள குருத்துவளையம் கிழிந்திருந்தால் எம்.ஆர்.ஐ. தேவை. வழக்கமாக மூட்டுக்குள் சாயமருந்து ஏற்றி, அதை விரியவைத்துப் படமெடுப்பார்கள். புதுக் காயத்தில் பெரும்பாலும் ஊசி வேண்டியதில்லை: மூட்டுக்குள் கசிந்து நிறைந்த ரத்தமே கிழிசலுக்குள் புகுந்து அதைப் பிரித்துக் காட்டிவிடுகிறது.