ஈயக் குண்டைக் கையில் எடுக்கும் முன்

மார்ச் மாதம் பனி உருகி மண் இளகிவிட்டால் என் கைப்பேசிக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். நியூஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் குடியிருக்கும் நம்மவர்கள் அனுப்புபவை. உள்ளங்கையில் வெண்சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை, அல்லது துரு ஏறிய ஆணி, அல்லது களிம்பு பிடித்த பொத்தான். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய மெட்டல் டிடெக்டர் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும். கூடவே இரண்டு கேள்விகள்: எந்தக் காலத்தது? என்ன விலை போகும்?

அகழாய்வில் கிடைத்த பொருள்களைத் துடைத்து, எடைபோட்டு, எண்ணிட்டுப் பாதுகாப்பது என் தொழில். விலைக் கேள்விக்கு என் பதில் எப்போதும் ஏமாற்றத்தைத்தான் தரும். இவற்றில் பெரும்பாலானவை சந்தையில் சில டாலர்கள்கூடப் பெறாதவை. அவற்றுக்கு மதிப்பு இருந்தது உண்மை. அது மண்ணில் கிடந்தவரைதான் முழுதாக இருந்தது.

நாம் வசிக்கும் இந்தப் பகுதி அமெரிக்க விடுதலைப் போரின் நடுவீடு. 1777 டிசம்பர் 19 அன்று வாஷிங்டனின் படை பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜில் வந்து இறங்கியது. சுமார் 12,000 பேர், ஆறு மாதம். அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் ஏறத்தாழ 2,000 பேர் நோயில் இறந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1779-80 குளிர்காலத்தில், நியூஜெர்சியின் மாரிஸ்டவுனுக்கு அருகே ஜாக்கி ஹாலோ என்ற இடத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கினார்கள். நியூயார்க் துறைமுகமே உறைந்து, அதன்மேல் சறுக்குவண்டி ஓடிய குளிர் அது. சுமார் 600 ஏக்கர் காட்டை வெட்டி ஆயிரம் மரக்குடில்கள் கட்டினார்கள். நியூஜெர்சியின் எடிசன் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

போர்க்களத்தைவிடப் பாசறை எனக்குப் பிடித்த இடம். போர் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். பாசறையில் மனிதன் மாதக்கணக்கில் சமைத்தான், தைத்தான், சூதாடினான், காய்ச்சலில் படுத்தான். அவன் கையிலிருந்து நழுவியதெல்லாம் காலடியிலேயே புதைந்தது.

ஒரே ஒரு குண்டை எடுத்துக்கொள்வோம். மஸ்கெட் துப்பாக்கியின் ஈயக் குண்டு. உருண்டையாக இல்லை, நசுங்கி, பள்ளம் பள்ளமாக, ஏதோ கடித்தது போல இருக்கிறது. பார்த்தவுடன் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: மயக்க மருந்து இல்லாத காலத்தில் காலை அறுக்கும்போது வலி பொறுக்கச் சிப்பாய் கடித்த குண்டு இது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதப் பல் ஈயத்தில் பதிக்கும் தடம் ஆழமில்லாதது. கடைவாய்ப் பற்களால் திரும்பத் திரும்ப நொறுக்கப்பட்ட குண்டுகளில் பெரும்பாலானவை பன்றி மென்றவை. மண்ணைக் கிளறித் தின்னும் பிராணி, கிடைத்ததை மென்று துப்பியிருக்கிறது. நியூஜெர்சியின் மன்மத் போர்க்களக் குண்டுகளை ஆராய்ந்த டேனியல் சிவிலிச் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

உருக்குலைந்த குண்டிலிருந்து அதன் பழைய விட்டத்தைக் கண்டுபிடிக்க அவர் தந்த கணக்கு எங்கள் மேசையில் அன்றாடம் புழங்குவது. கிராம் எடையின் கனமூலத்தை 0.223204-ஆல் பெருக்கினால் அங்குலத்தில் விட்டம் வந்துவிடும். தராசில் இருபத்தொன்பதரை கிராம் காட்டினால் 0.69 அங்குலம், ஆங்கிலேயரின் பெரிய மஸ்கெட்டுக்கு ஏற்ற அளவு. இருபத்திரண்டரை கிராம் என்றால் 0.63, பிரெஞ்சுத் துப்பாக்கிக்குப் பொருந்துவது. கல்லோ மண்ணோ ஒட்டியிருந்தால் கணக்கு தவறும், ஆனால் ஈயத்தைச் சுரண்டினால் அதைவிடத் தவறும்.

இவ்வளவும் ஒரு குண்டு தனியாகச் சொல்லக்கூடியது. அது கிடந்த இடமும் தெரிந்தால்தான் மற்றதைக் கேட்க முடியும். மென்ற குண்டு பாசறையின் எந்தப் பக்கத்தில் கிடந்தது, ஒன்றா அல்லது அடர்த்தியாகப் பலவா, பாசறைக் காலத்து மண்ணடுக்கிலா அல்லது பின்னாளில் விவசாயி பன்றி வளர்த்த மேலடுக்கிலா? படத்தில் இருக்கும் உள்ளங்கை இதற்கெல்லாம் பதில் சொல்லாது.

பொழுதுபோக்காகத் தோண்டுபவர்கள் குண்டையும் பொத்தானையும் பையில் போட்டுக்கொண்டு ஆணியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். என் வயிற்றெரிச்சல் இங்கேதான். ஆணிதான் குடில்.

வேலி ஃபோர்ஜ் குடில்களுக்கு வாஷிங்டன் போட்ட உத்தரவு அப்படியே இருக்கிறது. 14-க்கு 16 அடி. சுவர் ஆறரை அடி உயரம். கணப்பு பின்பக்கம், மரத்தால் கட்டி உள்ளே 18 அங்குலக் கனத்துக்குக் களிமண் பூச்சு. ஒரு குடிலுக்கு 12 சிப்பாய்கள். ஒவ்வொரு படைப்பிரிவிலும் விரைவாகவும் நேர்த்தியாகவும் கட்டி முடிக்கும் குழுவுக்கு 12 டாலர் பரிசு. தாளில் இப்படி. தோண்டிப் பார்த்தால் குடிலுக்குக் குடில் அளவு மாறுகிறது. கணப்பு மூலையில் இருக்கிறது. சில இடங்களில் தரையைப் பள்ளமாக வெட்டி இறங்கியிருக்கிறார்கள். குளிருக்குப் பயந்தவன் தளபதியின் அளவுகோலைப் பார்க்கவில்லை.

இது எப்படித் தெரிந்தது என்கிறீர்கள்? மரம் உளுத்து எப்போதோ மண்ணாகிவிட்டது. மிஞ்சியது சூட்டில் சிவந்த களிமண் திட்டு, கரித்துண்டு, ஆணி. ஆணிகள் எந்த வரிசையில், எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கின்றன என்று குறித்தால் கதவு எங்கே இருந்தது, எந்த மூலையில் பலகை அறைந்தார்கள் என்று ஊகிக்க வழி பிறக்கும். ஒரு ஆணிக்கு மதிப்பே இல்லை. அந்த வரிசையிலிருந்து இரண்டை உருவிவிட்டால் கதவு காணாமல் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தவை சிப்பாய்கள் தங்கள் கையால் மாற்றிச் செய்துகொண்ட பொருள்கள். குண்டு தாராளமாகக் கிடைத்தது, மற்றது எதுவும் கிடைக்கவில்லை. எனவே குண்டைத் தட்டி ஆறு பக்கமும் சதுரமாக்கி, புள்ளி குத்தித் தாயக்கட்டை செய்தார்கள். நீட்டித் தேய்த்து எழுதுகோல் ஆக்கினார்கள். தட்டையாக்கி இரண்டு துளை போட்டு நூல் கோத்து, விர்ரென்று சுழலும் விளையாட்டுப் பொருள் ஆக்கினார்கள். ஈயத் தாயக்கட்டை பல பாசறைகளில் கிடைத்திருக்கிறது. 1778 ஜனவரி 8 அன்று வாஷிங்டன் சூதாட்டம் மறுபடி படைக்குள் புகுந்துவிட்டது என்று கடிந்து, சீட்டும் தாயமும் எந்தச் சாக்கிலும் கூடாது என்று தடை போட்டார். சூது வேறு, வெறும் விளையாட்டு வேறு என்று எவரும் வாதாட இடம் வைக்காமலே தடுத்தார். தடையைக் காகிதம் சொல்கிறது. அது எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதை நகத்தளவு ஈயம் சொல்லும், ஒரு நிபந்தனையோடு: அதிகாரிகளின் குடில் வரிசையிலா சிப்பாய்களின் வரிசையிலா என்ற குறிப்பு அதோடு வர வேண்டும்.

பொத்தானைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1760-களின் இறுதியிலிருந்து பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் தங்கள் எண்ணைப் பொத்தானில் பொறித்தன. எண் போட்ட பொத்தான் கிடைத்ததும் இங்கே பிரிட்டிஷ் படை தங்கியது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய சிவப்புக் கோட்டுகளை அணிந்தார்கள். சாமுவேல் வெப்பின் படைப்பிரிவு அதற்குப் பெயர்போனது. பக்கத்திலேயே யுஎஸ்ஏ என்று பின்னிய எழுத்துகளோடு வெள்ளீயக் கலவைப் பொத்தான் கிடந்தால் கதை மாறுகிறது. துப்பாக்கியில் தீப்பொறி எழுப்பும் சக்கிமுக்கிக் கல்லும் இப்படித்தான். தேன் நிறத்தில் இருப்பது பிரான்சிலிருந்து வந்தது, கறுப்பு இங்கிலாந்துடையது என்பது பொதுவான வழிகாட்டல். எந்த நிறம் எங்கே குவிந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புகைபிடிக்கும் சுங்கானைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெண்களிமண் சுங்கானின் தண்டுத் துளை காலம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்தது என்பதை 1954-இல் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் துளைபோடும் ஊசிகளைக் கொண்டு அளந்து காட்டினார். 1750-க்குப் பிறகு பெரும்பாலும் அங்குலத்தின் 64-இல் 4 பங்கு. தனித்துண்டு ஒன்றை வைத்து இதைச் சொல்ல முடியாது, குவியல் வேண்டும். அதனால்தான் ஆளுக்கொரு துண்டு எடுத்துச் சென்றால் என்ன குறைந்துவிடப் போகிறது என்ற வாதம் எடுபடாது.

மெட்டல் டிடெக்டரை நான் வெறுப்பவள் என்று எண்ண வேண்டாம். மன்மத்தில் 1778 ஜூன் 28 அன்று நடந்த போரின் போக்கை இன்று நாம் அறிவதில் பெரும் பங்கு அந்தக் கருவியைப் பிடித்த தன்னார்வலர்களுக்கு உண்டு. ஒலி கேட்ட ஒவ்வொரு இடத்திலும் கொடி நட்டு, அளந்து, வரைபடத்தில் ஏற்றி, அதன்பிறகே தோண்டினார்கள். நம் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இருந்தால் அத்தகைய குழுக்களில் சேர்த்துவிடுங்கள். ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு.

வீட்டுக்கு வந்தபின் நடக்கும் சேதம் தனிக்கதை. நம் வீடுகளில் பித்தளை என்றால் கை தானாகவே புளியைத் தேடும். பொத்தானைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்தான். கூடவே மெல்லிய தங்கப்பூச்சும், களிம்புப் படலத்தில் மட்டுமே எஞ்சியிருந்த எழுத்தும் போய்விடும். வினிகர் ஈயத்தைக் கரைக்கும். இன்னொரு பொருத்தமற்ற பழக்கம், குண்டுகளை அழகான ஓக் மரப்பெட்டியில் அடுக்கி வைப்பது. ஓக் மரம் வெளிவிடும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக அரிக்கும். அட்டைப்பெட்டியும் பிளைவுட்டும் அதே வேலையைத்தான் செய்யும். அந்தப் பொடி நஞ்சு. குழந்தை கையில் கொடுக்காதீர்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள்.

இரும்பு இன்னும் மோசம். நூற்றாண்டுகள் மண்ணுக்குள் ஒரு நிலைக்கு வந்து அடங்கியிருந்தது, உள்ளே ஊறிய உப்போடு காற்றைக் கண்டதும் மீண்டும் துருப்பிடித்து அடுக்கடுக்காக உரியும். முழுக் கோடாரியாக எடுத்த ஒன்று ஓரிரு ஆண்டுகளில் செதில் குவியலாக வந்து சேர்வதை ஆய்வகத்தில் பார்த்துச் சலித்துவிட்டது. உப்பை வெளியேற்ற எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வேலி ஃபோர்ஜும் ஜாக்கி ஹாலோவும் தேசியப் பூங்காக்கள். அங்கே தோண்டுவது மட்டுமல்ல, மெட்டல் டிடெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பதே குற்றம். 1979-ஆம் ஆண்டின் தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கூட்டரசு நிலத்திலிருந்து நூறாண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி எடுத்தால் அபராதமும் சிறையும் உண்டு. விசாவில் இருப்பவர்கள் ஒரு பொத்தானுக்காக வழக்கில் சிக்குவது தேவையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் விடுமுறைக்குப் போகும்போது இந்தக் கருவியை எடுத்துச் செல்லலாமா என்றும் கேட்கிறார்கள். வந்தவாசியில் 1760-இலும் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் 1780-இலும் பெரும் படைகள் மோதின. அவை தங்கிய பாசறைகள் நம் வயல்வெளிகளில்தான் இருந்தன. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையது என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்து வருவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நாகராவில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் ராக்கெட்டுகள் வெளிவந்தன. தொல்லியல் துறையின் கையில் அவை மொத்தமாகக் கிடைத்ததால்தான் அது ஓர் ஆயுதக் கிடங்கு என்று தெரிந்தது. ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தால் அவை வெறும் இரும்புக் குழாய்கள்.

சொந்தக் கொல்லையில் செடி நடும்போது ஏதாவது தட்டுப்பட்டால் என்ன செய்வது? மேற்கொண்டு தோண்டாதீர்கள். பொருள் கிடக்கும் நிலையிலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். வீட்டு மூலையிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று எழுதி வையுங்கள். ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டீர்கள் என்றால் உலர்ந்த துணியால்கூடத் தேய்க்காமல் பாலித்தீன் பையில் போட்டு, இடத்தையும் தேதியையும் அதன்மேல் எழுதுங்கள். இரும்பாக இருந்தால் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தோலோ மரமோ ஈரமாக வந்தால் காயவிடாதீர்கள். காய்ந்தால் சுருங்கி நொறுங்கிவிடும். பிறகு உங்கள் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்று இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி தனியார் நிலத்தில் கிடைக்கும் பொருள் பொதுவாக நில உரிமையாளருடையதே. எனவே பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முதலில் சொல்லுங்கள். எலும்பு வந்து, அது மனிதனுடையதாக இருக்கலாம் என்ற சந்தேகம் துளி எழுந்தாலும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போலீசுக்குப் போன் செய்யுங்கள்.