மேற்கோள் வேறு, சான்று வேறு

ஆய்வேட்டு வரைவு ஒன்றின் ஓரத்தில் "இங்கே மேற்கோள் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அந்தப் பத்தி முழுவதும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இருந்தது. விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்த பத்தி. எங்கிருந்து எடுத்தது என்ற தகவல் மட்டும் அப்போதும் இல்லை. மாணவர் மேல் தப்பில்லை, நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறார். நான் கேட்டிருக்க வேண்டியது சான்று.

சைட்டேஷன், அதாவது எங்கிருந்து எடுத்தது என்று காட்டும் குறிப்பு, அதை 'மேற்கோள்' என்று மொழிபெயர்ப்பது எல்லா இடத்திலும் பரவிவிட்டது. மேற்கோள் என்பது மேல் + கோள், கோள் என்பது 'கொள்' வினையின் பெயர். பழைய நூல்களில் கொள்கை என்ற பொருளும் உண்டு, இன்று பிறர் சொன்னதை அப்படியே எடுத்தாள்வதைக் குறிக்கிறது. சான்று 'சால்' என்ற வேரில் பிறந்தது. சால்பு, சான்றோர் எல்லாம் அதன் சொந்தம். இன்னது உண்மை என்று காட்டுவது அதன் வேலை.

"உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டவில்லையா, பழைய சொல்தானே" என்பார்கள். காட்டினார்கள், அதுதான் என் வாதத்துக்கே வலு. நச்சினார்க்கினியர் சீவக சிந்தாமணி உரையில் பழம்பாட்டு வரிகளை அள்ளித் தருகிறார், பல இடங்களில் நூல் பெயர் சொல்லாமல் "என்றார் பிறரும்" என்று முடித்துவிடுகிறார். 1887இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அந்த வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று ஏடு ஏடாகத் தேடி அலைய வேண்டியிருந்தது. மேற்கோள் கண் முன்னே இருந்தது, சான்றுதான் இல்லை. இரண்டும் ஒன்றானால் அவருக்கு அந்த அலைச்சலே வந்திருக்காதே.

கலைக்களஞ்சியத்தில் நிலைமை அப்படியே தலைகீழ். விக்கிப்பீடியாவில் பிறர் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டாதே, படித்ததைச் சொந்த நடையில் எழுது, எங்கே படித்தாய் என்று காட்டு என்பதுதான் விதி. ஆக, வாக்கியத்துக்குப் பின்னால் சின்ன எண்ணாகத் தொங்குகிறதே, அது பெரும்பாலும் எதையும் மேற்கோளாகத் தருவதில்லை. ஆனாலும் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை நடுவே "சான்று தேவை" என்று சரியாகக் கேட்டுவிட்டு, அடியில் அதே சான்றுகளுக்கு "மேற்கோள்கள்" என்று தலைப்பு வைக்கிறார்கள். பொன்மொழிகளைத் தொகுக்கும் உடன்பிறப்புத் திட்டத்தின் பெயரோ விக்கிமேற்கோள். ஒரே வீட்டுக்குள் ஒரு சொல் இரண்டு வேலை பார்த்தால் புதிதாக வரும் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

'ஆதாரம்' என்பாரும் உண்டு. பொருள் குழம்பாது, சரி. ஆனால் சான்று கையில் இருக்கும்போது வடசொல்லை நாட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. கட்டுரைக்குத் துணைநின்ற நூல்களின் பட்டியலுக்கு உசாத்துணை என்ற அழகான சொல் இருக்கிறது, அதையும் 'மேற்கோள் நூல்கள்' ஆக்கிவிட்டார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துக்கொண்டு, வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று பார்க்காமலே நகர்ந்துவிடுகிற மொழிபெயர்ப்பு இது. இப்போது இயந்திரமும் அதைக் கற்றுக்கொண்டு திரும்பத் திரும்பத் தருகிறது.

வகுப்பில் இதை இப்படிப் பிரித்துச் சொன்னால் போதும்: சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள், அதற்குச் சான்றும் வேண்டும். கருத்தை மட்டும் எடுத்தால் மேற்கோள் குறி வேண்டாம், சான்று கட்டாயம். கலைக்களஞ்சியத்தில் படித்த செய்தி என்றால் அடியில் உள்ள சான்றுக்குப் போய் மூலத்தைப் படித்துவிட்டு அதைக் காட்டுங்கள். அந்தக் கட்டுரையையே காட்ட வேண்டி வந்தால், பக்க வரலாற்றில் நீங்கள் படித்த நாளின் பதிப்பைத் திறந்து அதன் முகவரியைக் கொடுங்கள், ஏனென்றால் நாளைக்கே அந்த வரி மாறிவிடலாம்.