பொதுக் கொள்கை முதுகலை: பேங்க் லோனைக் கடைசியில் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி ஆலோசனை சொல்வது என் தொழில். பொதுக் கொள்கையில், அதாவது அரசின் திட்டங்களையும் சட்டங்களையும் ஆராயும் துறையில், முதுகலை படிக்க விரும்பி வரும் பட்டதாரிகள் பெரும்பாலும் கேட்பது, "எந்த பேங்க்ல லோன் கிடைக்கும் சார்?" என்பதுதான். அதைக் கடைசியில் பார்ப்போம் என்பேன்.

அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். தரும் கடன் டிப்ளோமாவுக்கும் முதல் பட்டத்துக்கும் உரியது. வங்கிக்குப் போனால் ஜாமீன் கேட்பார்கள். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அப்பாவின் கையெழுத்து அங்கே எடுபடுவது கடினம். அடுத்து எல்லாரும் நினைப்பது பெற்றோரின் ஓய்வுக்கால சேமநிதியான இ.பி.எஃப். சேமிப்பை. பிள்ளையின் முதுகலைப் படிப்புக்கு அதிலிருந்து பணம் எடுக்கச் சட்டப்படி இடமுண்டு. ஆனால் வேலை ஓய்வோடு தோட்ட வீட்டையும் காலி செய்ய வேண்டியவர்கள் அவர்கள். பிறகு வாடகைக்கோ சொந்த வீட்டின் முன்பணத்துக்கோ அவர்களிடம் இருப்பது அந்தப் பணம் மட்டுமே. தயவுசெய்து அதில் கை வைக்க அவசரப்படாதீர்கள்.

இந்தத் துறைக்கு முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகைகள் இருக்கின்றன. 1983-இல் தொடங்கிய பிரிட்டிஷ் அரசின் செவனிங், ஓராண்டு முதுகலைக்கான கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட் எல்லாவற்றையும் தருகிறது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி 2 ஆண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் முண்டுஸ் மாதம் 1,400 யூரோ கொடுக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமோ, பொது விவகார முதுகலைக்கு இடம் கிடைத்த எல்லாருடைய கல்விக் கட்டணத்தையும் தானே ஏற்றுக்கொள்கிறது. அரசு வேலையில் இருப்பவர்கள் பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.யின் ஹடியா லத்திஹான் பெர்செக்குத்துவான் உதவித்தொகையை முதலில் விசாரியுங்கள்.

நம் பிள்ளைகள் தடுக்கி நிற்கும் இடம் அனுபவக் கணக்கு. செவனிங் 2 ஆண்டு, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறது. பகுதிநேர வேலையும் சம்பளமில்லாத தொண்டும் அதில் சேரும். இது தெரியாமல் எத்தனையோ பேர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஒரு மாணவி தன் விண்ணப்பத்தில் பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டியைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, தோட்டத்தின் தண்ணீர்ப் பிரச்சினைக்காக மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதி, அதிகாரிகளைப் போய்ப் பார்த்துப் பேசியவளும் அவளே. "அதெல்லாம் வீட்டு வேலை மாதிரிதானே சார்" என்றாள். தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால் கிராமப்புற வளர்ச்சித் திட்டங்கள் அதற்குள் நுழையாமல் போனது இந்த நாட்டின் நீண்டகாலக் கொள்கைச் சிக்கல். தொழிலாளர் குடியிருப்புக்கு 1990-இலேயே தனிச்சட்டம் வந்தும் லயத்து வீடுகளின் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நிலை இன்னும் பேசப்படுகிறது. இவற்றைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை அதை எழுதாமல் விடலாமா? தேர்வுக்குழு தேடுவதும் அதைத்தானே! கோயில் நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, யாருக்கு உழைத்தீர்களோ அவர்களிடம் தேதியும் மணி நேரமும் குறித்த கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள்.

உள்நாட்டிலேயே, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கல்விக் கட்டண வரிவிலக்குக் கேட்கலாம். பழைய பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்டுவதைப் படிப்பு முடியும்வரை ஒத்திவைக்க விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. செவனிங்குக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜெண்டை நம்பாதீர்கள்.

ஆனாலும் உதவித்தொகை கைக்கு வருமுன் ஆங்கிலத் தேர்வு, பாஸ்போர்ட், சான்றிதழ் நகல், நேர்காணலுக்குப் போய்வர பஸ் காசு என்று ஒரு செலவு இருக்கிறது. பல விண்ணப்பங்கள் அங்கேயே நின்றுபோகின்றன. மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டத் தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய சந்தாவைக் கொண்டே 1960-இல் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. இவ்வூர்க் கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் ஆண்டுக்கு ஓரிரு பட்டதாரிகளின் தேர்வுக் கட்டணத்தையாவது ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.